காட்டுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு

"மூத்தம்மா, சேனநாயக்க சமுத்திரத்த நீங்க பார்த்திருக்கீங்களா?"

2023ஆம் ஆண்டின் ஒரு மாலைப் பொழுதில் என் பேத்தி இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் எது என்ற கேள்விக்குக் கொப்பியில் விடை எழுதிக்கொண்டிருந்தாள். அது வேறெங்கோ தூர தேசத்தில் இல்லை. அம்பாறை நகருக்கு மேற்கே, இங்கினியாகலையில் இருக்கிறது. காலையில் புறப்பட்டால் மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

"இல்ல மகள்" என்றேன்.

"ஏன் மூத்தம்மா?"

அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்புச் சகோதரிகளே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் காலம் தாழ்த்திச் சொல்லும் பதில்தான்.

நான் மருதமுனையைச் சேர்ந்தவள். கைத்தறியில் சாரம் நெய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். என் கணவர் வேளாண்மை செய்தவர். சம்மாந்துறைக்கு அப்பால் ஒரு போடியாரின் வட்டையில் வேலை. 1989இல் வாய்க்கால் தண்ணீர் விடயமாக இங்கினியாகலைக்குப் போய் வந்தவர், அன்றிரவு என்னிடம் ஒரு புதினம் சொன்னார். "யானை நீந்துது புள்ள. தும்பிக்கைய மட்டும் மேல தூக்கிக்கிட்டு, தீவுக்குத் தீவு நீந்திப் போகுது" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு தண்ணீரில் மிதக்குமா? "நம்பாட்டி வர்ற பெருநாளைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறன்" என்றார்.

1990இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் மாதத்தில் வந்தது. அப்போது மகன் பிறந்து இரண்டு மாதம். கைக்குழந்தையுடன் எப்படிப் போவது? ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் போகலாம் என்று தள்ளிவைத்தோம். ஜூனில் மீண்டும் சண்டை மூண்டது. வட்டைக்குப் போன அவர் திரும்பி வரவில்லை. ஜூலையில் வந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று, அவருக்காக இத்தா இருப்பதா அல்லது காத்திருப்பதா என்று தெரியாமல் நான் கதவடியில் உட்கார்ந்திருந்தேன். ஜனாஸா கிடைக்கவில்லை. யார், எதற்காக என்பது இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு மேற்குத் திசை எனக்கு ஆகாத திசையாயிற்று. மகன் வளர்ந்து வேன் ஓட்டத் தொடங்கியபோதும், "கரையோரத்துல மட்டும் ஓட்டு மகன், காட்டுப் பக்கம் போகாத" என்று சத்தியம் வாங்கியவள் நான். எங்களில் பலர் இப்படித்தானே இருக்கிறோம்? யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனால் நாம் போட்டுக்கொண்ட எல்லைகள் நம் மனதுக்குள் அப்படியே கிடக்கின்றன.

பிழைத்துப்போன முதல் பயணம்

எங்கள் ஒழுங்கையில் ஏழு பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடிக்கிறோம். ஐவர் மருதமுனை. இருவர் பக்கத்துப் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரிகள். அவர்களில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் 'அக்கா' என்போம். 1990இல் பிடித்துச் செல்லப்பட்ட அவரது மகனும் திரும்பவில்லை. பேத்தியின் கேள்வியை நான் சொன்னதும், "தங்கச்சி, நாமளும் ஒருக்காப் போய்ப் பார்த்தா என்ன?" என்று முதலில் கேட்டவர் அவர்தான். வாரம் 200 ரூபா வீதம் சுற்றுலாவுக்கென்று தனிச் சீட்டு ஒன்றைத் தொடங்கினோம்.

மகன் முதலில் சிரித்தான். "யானையப் பார்க்க எதுக்கும்மா அவ்வளவு தூரம்? அது இப்ப வட்டைக்குள்ளயே வருதே!" என்றான். பிறகு வேனைத் தருவதாக ஒத்துக்கொண்டான்.

2023 டிசம்பரில் பிள்ளைகளுக்கு லீவு கிடைத்தது. யானைகளுக்குப் பெயர்போன லகுகலை போகலாம் என்று புறப்பட்டோம். அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் கடந்து, பொத்துவிலிலிருந்து மொனறாகலைப் பாதையில் உள்நோக்கிப் போனால் பாதையோரமே குளமும் காடும் வருகின்றன. நாங்கள் போனபோது அடைமழை. குளம் நிறையத் தண்ணீர், காடு நிறையப் பச்சை. யானை ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் நனைந்து இருமிக்கொண்டு திரும்பினார்கள்.

பாதையோரக் கடையில் தேநீர் குடித்தபோது கடைக்காரப் பெண் சிரித்தார். "மாரியில யானை ஏன் குளத்துக்கு வரணும்? காடெல்லாம் தண்ணியும் புல்லும்தானே. கச்சான் அடிக்கிற காலத்துல வாங்க" என்றார்.

அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. நாம் நமக்கு லீவு கிடைக்கும் நாளில் புறப்படுகிறோம். காட்டுக்கோ வேறொரு நாட்காட்டி இருக்கிறது. அதைப் படிக்காமல் போனால் பணமும் போகும், பிள்ளைகளின் ஆசையும் போகும்.

பிறையும் மழையும்

நமது வீடுகளில் குடும்பமாக வெளியே போவது பெரும்பாலும் பெருநாளை ஒட்டித்தான். முஸ்லிம் பாடசாலைகளின் நீண்ட விடுமுறையும் நோன்பு மாதத்தை ஒட்டியே வருகிறது. பெருநாளோ பிறையைப் பின்பற்றுவது. ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே வரும். ஏறக்குறைய முப்பத்துமூன்று வருடங்களில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். காடு மழையையும் காற்றையும் பின்பற்றுவது. அது இடம் மாறாது.

2003, 2004ஆம் ஆண்டுகளில் நோன்புப் பெருநாள் நவம்பரில், கொட்டும் மாரியில் வந்தது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் பெருநாளுக்குக் காட்டைப் பார்க்கப் போயிருந்தால் எதுவும் பார்த்திருக்க முடியாது. 2024இல் அதே பெருநாள் ஏப்ரலில் வந்தது. 2025இல் மார்ச் கடைசியில் வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் அந்த இரண்டு வருடமும் ஜூனில். நமது மாவட்டத்தின் காடுகள் வாசல் திறந்து வைத்திருக்கும் மாதங்கள் இவை. பிறையும் காடும் ஒத்துவரும் இந்த வருடங்களை நாம் வீணாக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம்.

மார்ச் முதல் ஜூலை வரை: கல்லோயா

2024 நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள், சுபஹுத் தொழுததும் புறப்பட்டோம். காரைதீவுச் சந்தியில் வேன் மேற்கே திரும்பியபோது என் கை தானாகவே மகனின் இருக்கையைப் பிடித்துக்கொண்டது. மாவடிப்பள்ளி, சம்மாந்துறை. இரு பக்கமும் வயல். பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்கு உழுதுகொண்டிருந்தார்கள். இந்த வட்டைகளில் ஏதோ ஒன்றில்தான் அவருடைய கடைசிக் காலடி இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டே போனேன்.

கல்லோயா என்று இன்று சொல்லும் ஆற்றை நமது மூத்தவர்கள் பட்டிப்பளை ஆறு என்றார்கள். 1949இல் அந்த ஆற்றை மறித்து அணை கட்டும் வேலை தொடங்கியது. நாட்டின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பெயர் அந்த நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. சுற்றியுள்ள காடு அழிந்தால் மண் கரைந்து வந்து குளம் தூர்ந்துபோகும் என்பதால், நீரேந்து காட்டைக் காப்பதற்காக 1954இல் கல்லோயா தேசிய பூங்கா உருவாக்கப்பட்டது. அதன் பரப்பு 25,900 ஹெக்டேயர்.

சம்மாந்துறை, நிந்தவூர் வயல்களுக்குப் பாயும் வாய்க்கால் தண்ணீரின் தாய் இந்தக் குளம். அந்தக் குளத்தின் தாய் இந்தக் காடு. முப்பது வருடத்துக்கு மேலாக நான் வெறுத்த காடுதான் என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது என்பதை அங்கே போய்த்தான் அறிந்தேன்.

மற்றப் பூங்காக்களில் ஜீப்பில் சுற்றுவார்கள். கல்லோயாவின் சிறப்பு படகுப் பயணம். மாரி முடிந்து குளத்தின் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கும்போது, கரையில் புதுப் புல் முளைக்கிறது. அதைத் தேடி யானைகள் குட்டிகளோடு காட்டுக்குள்ளிருந்து வெளியே வருகின்றன. அதனால்தான் மார்ச் முதல் ஜூலை வரை இங்கு நல்ல காலம். குளத்தின் நடுவே பறவைகள் கூடு கட்டும் சிறு தீவும் உண்டு. கரையோரக் காட்டில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் வளர்கின்றன. எமது உம்மாமார் வயிற்று நோவுக்கு இடித்துத் தந்த அதே காய்கள். ஆனால் பூங்காவுக்குள் ஒரு காயைக்கூடப் பொறுக்கி எடுக்கக் கூடாது. அது சட்டம்.

உயிர்காப்பு அங்கி அணிந்து படகில் ஏறினோம். ஒரு மணி நேரம் வரை தூரத்தில் சில எருமைகளும் மயில்களும் மட்டும். பிள்ளைகள் கொட்டாவி விடத் தொடங்கினார்கள். அப்போது படகோட்டி கையை நீட்டினார். தண்ணீரில் கறுப்பாக ஏதோ ஒன்று. மரக்கட்டை என்று நினைத்தேன். அதற்கு முன்னால் ஒரு தும்பிக்கை நிமிர்ந்து நின்றது.

யானை நீந்தியது. அவர் சொன்னது போலவே, தும்பிக்கையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு.

முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஓர் இரவில் நான் சிரித்த சிரிப்பு என் காதில் கேட்டது. "உங்கட வாப்பா இதச் சொன்னாரு. நான் நம்பல்ல" என்றேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வாப்பாவைக் கண்டறியாத பிள்ளை அவன். நானும் அவரைப் பற்றி அவனிடம் அதிகம் பேசியதில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்ற பயம். அவன் எதுவும் சொல்லாமல், இயந்திரத்தை நிறுத்தும்படி படகோட்டிக்குச் சைகை காட்டினான். யானை கரையேறி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு காட்டுக்குள் போகும்வரை யாரும் பேசவில்லை.

திரும்பி வரும்போது, அம்பாறையைத் தாண்டிய பிறகு, பாதையில் கண் வைத்தபடியே கேட்டான்: "உம்மா, வாப்பா வேற என்னெல்லாம் சொன்னாரு?"

வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அழவில்லை.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை: லகுகலை

அதே வருடம் ஆகஸ்டில் மீண்டும் லகுகலைக்குப் போனோம். இம்முறை கச்சான் காற்று அனலாக வீசியது. வழியெல்லாம் சிறுபோக அறுவடை.

லகுகல தேசிய பூங்கா மிகச் சிறியது, 1,554 ஹெக்டேயர்தான். 1980இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. லகுகலை, கித்துலானை, செங்கமுவ என்ற குளங்கள்தான் அதன் உயிர். சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்து போகும் காலத்தில், இந்தக் குளங்களில் சிங்களத்தில் 'பெரு' என்று அழைக்கப்படும் ஒரு நீர்ப்புல் அடர்ந்து வளர்ந்திருக்கும். அதை உண்பதற்காக யானைகள் கூட்டமாக வருகின்றன. ஒரே நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் கூடிய காலங்களும் உண்டு. ஒக்டோபரில் மழை தொடங்கியதும் பிரிந்து போய்விடும். டிசம்பரில் நாங்கள் ஏமாந்ததன் காரணம் இதுதான்.

ஆகஸ்டில் ஏமாறவில்லை. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு ஒன்று, மூன்று, ஏழு என்று வந்து பதினாறு யானைகள். பேத்தி எண்ணி எண்ணிக் கொப்பியில் எழுதினாள்.

வசதி குறைந்த குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். பிரதான பாதையே காட்டை ஊடறுத்துப் போவதால், பஸ்ஸில் போகிறவர்களும் சில நேரம் யானைகளைக் காணலாம். ஆனால் பாதையில் இறங்கி யானைக்கு அருகே போவதோ, வாழைப்பழம் எறிவதோ கூடாது. உணவுக்காகப் பாதைக்கு வந்து பழகிய யானை ஒரு நாள் ஆளைத் தாக்கும். அல்லது வாகனத்தில் அடிபடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று பின்னேரம் தூரத்து வயலில் யாரோ யானை வெடி போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்காவும் நானும் வேன் இருக்கைக்குக் கீழே குனிந்துவிட்டோம். நிமிர்ந்தபோது அவர் கை என் கையைப் பிடித்திருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் நடுக்கம். தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் புறப்பட்டோம். நம்மைப் போன்றவர்கள் காட்டுக்குப் போகும்போது இப்படியும் நடக்கும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

மாரியில் போகாதீர்கள்

ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை நமது கரையோரத்தின் மாரிகாலம். காட்டுப் பாதைகள் சேறாகும். யானைகள் சிதறிப் போகும். அதைவிடப் பெரிய காரணம் வெள்ளம். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதையும், பிள்ளைகள் பலர் உயிரிழந்ததையும் நாம் யாரும் மறக்க மாட்டோம். ஏழு மாதங்களுக்கு முன் பெருநாள் சட்டையோடு என் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் போன அதே பாதை அது. தண்ணீர் பாதையை மூடி ஓடினால் எவ்வளவு அவசரமானாலும் திரும்பி விடுங்கள்.

மாரியில் செய்வதற்கு வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. நமது கரையோர ஊர்களின் குப்பை எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறோமா? அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் திறந்த வெளியில் கொட்டப்பட்ட குப்பையில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டு வருடங்களில் ஏறக்குறைய இருபது யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளியாயின. சோற்றுப் பொதி சுற்றிய தாள், 'ஷொப்பிங் பேக்', யோகட் கோப்பை எல்லாம் அவற்றின் வயிற்றுக்குள் போயின. அவை நமது குசினியிலிருந்து போன சாமான்களாகவும் இருக்கலாம். மீன் கழிவையும் மீந்த சோற்றையும் பொலித்தீன் பையில் கட்டி எறியாமல், வளவில் குழி தோண்டிப் புதைக்க எங்கள் சீட்டுப் பெண்கள் தொடங்கியிருக்கிறோம். யானையைப் பார்த்த பிள்ளைகள்தான் இதை எங்களுக்கு நினைவூட்டுகிறார்கள்.

மே முதல் ஜூலை வரை: கூமுனை

2025 ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் எங்களைக் கூட்டிச் சென்றவர் அக்காதான். பல வருடங்கள் உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுவழியே பாதயாத்திரை போனவர் அவர். அந்தப் பாதை கூமுனைக் காட்டுக்குள்ளால்தான் போகிறது. "மகனைத் தேடித்தான் முதல்ல நடந்தன். பிறகு காட்டுக்காகவும் நடந்தன்" என்று வழியில் சொன்னார்.

பொத்துவில், அறுகம்பை, பாணமை கடந்து உகந்தைக்குப் போக வேண்டும். பூங்காவின் வாசல் அங்கேதான். கூமுனை 1938இலேயே பறவைகள் சரணாலயமானது. 1970இல் யால கிழக்கு தேசிய பூங்கா என்று பெயர் பெற்றது. யுத்தம் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. திறந்த மறு வருடமே, நமது ஊர்களைத் தாக்கிய அதே சுனாமி அந்தக் கரையையும் தாக்கியது. 2006இல் குமண தேசிய பூங்கா என்று பெயர் மாறியது. 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மூடப்பட்டும் அடிபட்டும் மீண்டும் எழுந்த காடு அது. நம்மைப் போலத்தான்.

கும்புக்கன் ஓயாவின் தண்ணீர் வந்து சேரும் ஏறக்குறைய 200 ஹெக்டேயர் சதுப்பு ஏரி ஒன்று அங்கு உண்டு. 'கூமுனை வில்லு' என்பார்கள். மே, ஜூன் மாதங்களில் அங்குள்ள கண்டல் மரங்களில் நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஒரே மரத்தில் ஐந்தாறு சாதிப் பறவைகள். ஒன்றின் கூட்டுக்கு மேல் இன்னொன்றின் கூடு. ஓயாத சத்தம், ஓயாத சண்டை. ஆனாலும் எல்லாக் குஞ்சுக்கும் இரை வருகிறது. அக்கா பார்த்துவிட்டு, "நம்மட கல்முனைச் சந்தை மாதிரித்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

சிறுத்தையும் கரடியும் உள்ள காடு அது. எங்களுக்கு அவை தென்படவில்லை. பேத்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "அதுகளுக்கும் லீவு வேணும்தானே மகள்" என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

புறப்படுமுன்

மூன்று காட்டுக்கும் போய் வந்த அனுபவத்தில் சில குறிப்புகள்:

பணம்: நுழைவுச் சீட்டை விட, ஜீப்புக்கும் படகுக்கும்தான் அதிகம் செலவாகும். மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து போனால் பங்கு குறையும். கட்டணங்கள் மாறிக்கொண்டிருப்பதால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் பூங்கா அலுவலகத்தில் முதல் வாரமே விசாரியுங்கள். அன்று பூங்கா திறந்திருக்குமா, படகு ஓடுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஜீப்காரரிடம் மொத்தத் தொகையைப் பேசி முடித்துவிட்டே ஏறுங்கள்.

அடையாள அட்டை: உள்நாட்டவருக்குரிய குறைந்த கட்டணத்துக்கு இதைக் காட்ட வேண்டிவரும். ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில் நடுங்கிக்கொண்டே நீட்டிய அட்டையை யானை பார்க்க நீட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நேரம்: காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு. நடுப்பகலில் விலங்குகள் நிழலில் படுத்துவிடும்.

உணவு: வாழையிலையில் சோற்றுப் பொதி கட்டுங்கள். தண்ணீரை வீட்டுப் போத்தல்களில் நிரப்பி எடுங்கள். கொண்டுபோன எதையும் காட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

உடை: ஜீப்பில் ஏறி இறங்க அபாயாவின் விளிம்பு தடுக்கும். உள்ளே காற்சட்டை அணிந்தால் வசதி. பளிச்சென்ற நிறங்களைத் தவிருங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம்.

தொழுகையும் கழிப்பறையும்: வாசலைத் தாண்டினால் இறங்க முடியாது. பெண்களுக்கு இடமுள்ள பள்ளிவாசல் வழியில் எங்கே என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். எங்களுக்குப் பொத்துவிலில் உறவினர் வீடு ஒன்று உதவியது. கர்ப்பிணிகளும் முதுகு நோவுள்ளவர்களும் ஜீப்பைத் தவிர்ப்பது நல்லது.

பிள்ளைகள்: சத்தம் போட்டால் எதுவும் வராது என்பதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். எண்ணி எழுதும் பிள்ளை சும்மா இருக்கும்.

மனம்: காட்டின் அமைதியும், சீருடையும், வெடிச் சத்தமும் பழையதைக் கிளறலாம். போக விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். வந்தவர் பாதியில் திரும்பக் கேட்டால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள். முதல் முறை வாசல் வரை போனாலே போதும்.

சகோதரிகளே, காட்டுக்குப் போய் வந்ததால் போனவர்கள் திரும்பி வரவில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடையும் கிடைக்கவில்லை. பாண்டிருப்பு அக்காவின் வீட்டில் மகனின் படத்துக்கு முன்னால் இன்றும் விளக்கு எரிகிறது. நானும் ஒவ்வொரு தொழுகையிலும் அவருக்காகக் கையேந்துகிறேன். ஆனால் முன்பு மேற்கே பார்த்தால் ஒரு சுவர்தான் தெரியும். இப்போது அங்கே ஒரு குளமும், அதில் நீந்தும் ஒரு யானையும் தெரிகின்றன.

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில் பேத்தி பென்சிலால் அடையாளம் போட்டு வைத்திருக்கிறாள். மார்ச்சில் ஓர் யானை. ஜூனில் ஒரு நாரை. ஆகஸ்டில் மீண்டும் யானைகள், நிறைய. நவம்பர் மாதத்தில் மட்டும் ஒரு குடையை வரைந்து, கீழே எழுதியிருக்கிறாள்: "வீட்டில் இருக்கவும். மூத்தம்மா கதை சொல்லுவா."